மாப்பிள்ளை சைக்கிளில்தான் வந்தார்

பிரெஞ்சுக் கொடியை இறக்கிய மறு வருஷம் நாங்கள் கல்யாண வீடுகளில் பாட ஆரம்பித்தோம். நாங்கள் என்றால் மூன்று பேர். நான் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே பாடுவேன். என்னோடு மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை செய்த தோழி, கட்டை அழுத்திக் கம்பி மீட்டுகிற புல்புல்தாரா வாசிப்பாள், கூடச் சேர்ந்து பாடவும் செய்வாள். டோலக் அவளுடைய அண்ணன். அவர் முத்தியால்பேட்டையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். குழாய் ஸ்பீக்கர் கட்டப் போகிற வீட்டிலேயே, "நம்ம வீட்டுப் பொண்ணுங்க நல்லா பாடுவாங்க, கூட்டியாரட்டுமா?" என்று கேட்டு எங்களுக்கும் ஏற்பாடு செய்துவிடுவார். குழுவுக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. 'மில்லுப் பொண்ணுங்க பாட்டு' என்று ஊர் சொன்னது, அதுவே நிலைத்துவிட்டது.

எல்லோரும் பாடுகிற பாட்டுகளைத்தான் முதலில் நாங்களும் பாடினோம். சொந்தப் பாட்டு வந்தது நோணாங்குப்பத்தில் ஒரு கல்யாணத்தில். மாப்பிள்ளைக்கு ஏற்பாடு செய்த கார் வரவில்லை. மனிதர் காத்திருந்து பார்த்துவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளிலேயே வந்துவிட்டார். பந்தல் வாசலுக்கு வரும்போது செயின் கழன்றது. குனிந்து அதை மாட்டி நிமிர்ந்தால் கையெல்லாம் கறுப்பு. பெண் வீட்டார் சிரிப்பதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தார்கள். என் தோழி புல்புல்தாராவைத் தட்டிக்கொண்டே, அந்த இடத்திலேயே இரண்டு வரி கட்டிப் பாடிவிட்டாள்.

சைக்கிள் ஏறி வந்த மாப்பிள்ளை – உன்
சங்கிலி கழண்டதென்ன மாப்பிள்ளை

அவள் அதைப் பேசுவதுபோலத்தான் சொன்னாள். நான் ஆர்மோனியத்தில் ஒரு மெட்டைப் பிடித்து அதில் போட்டேன். அடுத்த இரண்டு வரி என் வாயில் வந்தது.

பொண்ணு வாசல் பார்த்ததுமே
பிரேக்கு பிடிக்கலையா மாப்பிள்ளை

பந்தலே சிரித்தது. மாப்பிள்ளைதான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தார். அதற்குப் பிறகு எங்கே போனாலும் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். மாப்பிள்ளை காரில் வந்தாலும், நடந்தே வந்தாலும், சைக்கிள் பாட்டுத்தான்.

பிறகு என் தோழிக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். மேரி என்கிற நகராட்சி ஆபீசில் கையெழுத்துப் போட்டு, கோவிலில் தாலி கட்டி, கொஞ்ச நாளில் கப்பலேறி பிரான்சுக்குப் போய்விட்டாள். புல்புல்தாரா இல்லாமல் குழு நடக்கவில்லை. அண்ணனும் நானும் வேறு ஒருத்தியை வைத்துப் பார்த்தோம். அவள் நன்றாகவே வாசித்தாள். ஆனால் பாட்டுக்கு நடுவில் என் முகத்தைப் பார்க்கமாட்டாள். நானாகவே நிறுத்திக்கொண்டேன். எனக்கும் கல்யாணமாகி, கைக்குழந்தை வந்திருந்தது.

நாலைந்து வருஷம் கழித்து தோழி லீவில் ஊருக்கு வந்தாள். கூடவே ஒரு டேப்ரிக்கார்டர் பெட்டி. தூக்கி வந்த கைவண்டிக்காரர், "உள்ள என்னா, அம்மிக்கல்லா?" என்று கேட்டாராம். அதன் பிளக் எங்கள் ஊர்த் துளையில் நுழையவில்லை. அண்ணன் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒயர் முனைகளைச் சொருகி, ஆட வேண்டாமென்று தீக்குச்சியைச் செருகினார். சக்கரங்கள் சுற்றின. அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "கேளு" என்றாள்.

அங்கே தமிழ்க் குடும்பங்கள் பொங்கலுக்குக் கூடியபோது அவள் பாடியதைப் பதிந்து வைத்திருந்தாள். முதலில் நாற்காலிகள் இழுபடும் சத்தம். பிறகு அவள் குரல், கொஞ்சம் வெட்கத்தோடு: "இது நான் எழுதின பாட்டு. எங்க ஊருல கல்யாணத்துக்குப் பாடறது." அதற்குப் பின் சைக்கிள் பாட்டு முழுவதும் வந்தது. என் பிரேக்கு வரியும் வந்தது. கூட்டம் அங்கேயும் சிரித்தது.

பாட்டு முடிந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். "எப்படி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது. 'நான் எழுதின பாட்டு'ன்றியே."

"ஆமா. எழுதினேன் இல்ல?"

"பிரேக்கு யாருது? மெட்டு யாருது?"

அவள் பெட்டியை நிறுத்தினாள். "அங்க யாருடி மெட்டு யாருதுன்னு கேக்கறாங்க? பேச எழுந்தேன், பயத்துல அதான் வாயில வந்துது."

"உன் வாயில என் பேரு வரல."

அண்ணன் திருப்புளியை எடுத்துக்கொண்டு வேலை இருப்பதுபோல வெளியே போய்விட்டார். நாங்கள் சண்டை போட்டோம் என்று சொல்ல முடியாது. காப்பி குடித்தோம், குழந்தையைப் பற்றிப் பேசினோம். ஆனால் நான் வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் தெருமுனை வரை வரவில்லை. எப்போதும் வருகிறவள். எனக்கு அந்த மெட்டு ஒன்றுதான் சொத்துபோல இருந்தது; அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் வேறு பெயரில் வைத்துவிட்டாளே என்று இருந்தது. அவளுக்கு என்ன இருந்ததோ. பிறகு ஒருநாள் சொன்னாள்: அந்தப் பனியூரில் அவளைப் பாட்டுக்காரி என்று நாலு பேர் மதித்தது அந்த ஒரு நாள்தானாம்.

அண்ணன்தான் எங்களை மறுபடி ஒன்றாக உட்கார வைத்தார். உழவர்கரையில் ஒரு கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்டப் போனார். "பெட்டியையும் எடுத்துக்கறேன், கரண்டு இருக்குது. ரெண்டு பேரும் வாங்க, பழையபடி பாடுங்க, புடிச்சுக்கலாம்" என்றார். நான் ஆர்மோனியத்தையும் அவள் புல்புல்தாராவையும் தூசி தட்டினோம். மாட்டுவண்டியில் பெட்டி, ஸ்பீக்கர், அவள், நான், என் மடியில் குழந்தை. வழி முழுவதும் குழந்தையோடுதான் இருவரும் பேசினோம்.

பந்தலில் எங்கள் முறை வந்து நாங்கள் பாட ஆரம்பித்தோம். இரண்டாவது வரி முடிவதற்குள், மாப்பிள்ளைக்குப் பெரியம்மா முறையான ஒரு அம்மாள் கையை உயர்த்தினார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், வெற்றிலை போட்ட வாய்.

"பொண்ணுங்களா, தப்பா பாடறீங்க."

தோழி கம்பியிலிருந்து கையை எடுத்தாள். "என்னா தப்பு பெரியம்மா?"

"சைக்கிளு இல்ல, குதிர. இது அந்தக் காலத்துப் பாட்டு. அப்ப ஏது சைக்கிளு? நான் பாடறேன் கேளுங்க." அவர் பாடினார். பக்கத்திலிருந்த பெண்கள் எல்லோரும் தெரிந்த பாட்டைப்போலச் சேர்ந்துகொண்டார்கள்.

குதிரை ஏறி வந்த மாப்பிள்ளை – உன்
கடிவாளம் நழுவினதென்ன மாப்பிள்ளை

மெட்டு என்னுடையதுதான். ஒரு இழுப்பு மட்டும் கூடியிருந்தது. பிரேக்கு வரியில் குதிரை நிற்கமாட்டேன் என்றது. அதற்கு மேல் நாங்கள் கேட்டிராத இரண்டு வரியும் வந்தன.

வேர்த்த முகம் துடைக்கத் துண்டெங்கே மாப்பிள்ளை – எங்க
பொண்ணு முந்தானை போதுமா மாப்பிள்ளை

தோழி என் காதருகே குனிந்தாள். "இத ஏண்டி நாம எழுதல?"

நான் அம்மாளிடம், "பெரியம்மா, இது நாங்க கட்டின பாட்டு. நோணாங்குப்பத்துல, ஒரு கல்யாணத்துல" என்றேன்.

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "இருக்கும்மா. நீங்களும் எங்கியாவது கேட்டிருப்பீங்க. எங்க அத்த பாடி நான் கேட்டிருக்கேன்." சாட்சிக்குப் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அங்கே யாருடைய பேரை யார் விட்டார்கள் என்று எப்படிச் சண்டை போடுவது? தோழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. அதைப் பார்த்து எனக்கும் வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அந்த அம்மாள், "நல்ல பாட்டுதான், சிரிப்பு வரும்" என்று எங்களுக்குச் சமாதானம் சொன்னார். பிறகு நாங்கள் குதிரையையே பாடினோம், முந்தானை வரியோடு. அவரும் முன்னால் வந்து உட்கார்ந்து எங்களோடு பாடினார்.

திரும்பும்போது வண்டியில் அவளே பேச்செடுத்தாள். "நான் அங்க போனதும் திருப்பிப் பதியறேன். உன் பேரையும் சொல்றேன்."

"அங்க எதுக்கு? இங்கியே பதிவோம். நீயும் நானும்."

அவள் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கடையில் உட்கார்ந்தோம். பதியாத டேப் சுருள் இரண்டு இருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற இரண்டாவது பெட்டி ஊரில் யாரிடமும் இல்லை. அதனால் ஒரே பாட்டுகளை இரண்டு தடவை பாடினோம், ஆளுக்கொரு சுருள். சைக்கிள் பாட்டுக்கு முன்னால் என்ன சொல்வது என்று பேசிப் பார்த்தோம். வார்த்தை இவள், மெட்டு இவள் என்று பிரித்தால் சரியாக வரவில்லை. மெட்டில் 'மாப்பிள்ளை' என்று மேலே ஏறுகிற இடம் அவள் கம்பியில் பிடித்தது என்று எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சொன்னேன். "அப்படியா? எனக்கு ஞாபகமே இல்ல" என்றாள். கடைசியில் அவளே மைக்கைப் பிடித்து, எங்கள் இருவர் பெயரையும் சொல்லி, "ரெண்டு பேரும் சேர்ந்து கட்டினது. கடைசி ரெண்டு வரி உழவர்கரைப் பெரியம்மா குடுத்தது" என்றாள். இரண்டு சுருளிலும் அப்படியே சொன்னாள்.

முதல் சுருளில் பாட்டு சுத்தமாக இருந்தது. இரண்டாவதில் எனக்கு இருமல் வந்து, ஒரு வரியை அவள் தனியாகப் பாடி இழுத்துக்கொண்டு போனாள். "உனக்கு எது வேணும்?" என்று கேட்டாள். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். கேட்கப் பெட்டி இல்லாமல், அது என் அலமாரியில் பாவாடைகளுக்கு நடுவே இருந்தது.

மறு வருஷம் அண்ணன் சொந்தமாக ஒரு டேப்ரிக்கார்டர் வாங்கினார். வேலை விட்டதும் மில் வாசலிலிருந்து நேரே அவர் கடைக்குப் போனேன். பாட்டெல்லாம் ஓடி முடிந்தது, இருமலும்தான். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். "இரு, இன்னும் சுத்துது" என்றார். அன்றைக்குப் பெட்டியை நிறுத்த மறந்திருக்கிறோம். மீதிச் சுருள் முழுவதும் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். நெத்திலியில் மாங்காய் போடலாமா கூடாதா என்று அவள் கேட்கிறாள். போடலாம், புளியைக் குறைத்துக்கொள் என்று நான் சொல்கிறேன். அந்த ஊரில் மாங்காய்க்கு எங்கே போவேன் என்கிறாள். அண்ணன் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டேப் தீரும்வரை இருவரும் கேட்டோம்.