அடிப்படை ஆண்டு

இந்த நகரம் ஆண்டுக்கு எவ்வளவு புகை விடுகிறது என்று கணக்கெடுப்பவர் ஒரே ஒருவர்தான். நகராட்சியின் இரண்டாம் மாடியில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே அவர் மேசை. மின்கட்டண விவரம், பெட்ரோல் பங்க் விற்பனை, குப்பை லாரியின் நடை எல்லாம் அவரிடம்தான் வந்து சேரும். அலுவலகத்தில் அவர் ‘புகையக்கா’.

கணவர் காகித ஆலையில் மோட்டார் மெக்கானிக்காக இருந்தார். ஆலையை மூடி ஆறு வருடம். இப்போது தொலைவில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வேலை; வருடத்தில் பன்னிரண்டு நாள் வருவார். அவர் கிளம்பிய காலையில் குளியலறைக் கொடியில் துண்டு ஈரமாகக் கிடக்கும். காயும்வரை அக்கா அதை எடுப்பதில்லை. காய்ந்த பிறகும் எடுப்பதில்லை.

இந்த ஆண்டு நகர்மன்றம் ஓர் இலக்கு வைத்தது: பத்தாண்டில் புகையை நாற்பது சதவீதம் குறைப்பது. அதற்கு மின்சாரப் பேருந்துகள், அவற்றைப் பழுதுபார்க்க ஒரு பணிமனை. மோட்டார் தெரிந்த முப்பது பேர் வேண்டும். அக்கா அன்றே கணவருக்குப் போன் போட்டுவிட்டார்.

எந்த ஆண்டின் அளவிலிருந்து குறைப்பது? ஒரு தாள்கூட விடுபடாத ஆண்டாகத் தேடிப் பிடித்தார் அக்கா. அது ஆலை முழுமூச்சாக ஓடிய ஆண்டு.

வரைவைப் புரட்டிய பொறியாளர் சிரித்துவிட்டார். “அக்கா, ஆலையப் பூட்டினதுலயே நாப்பத்தொண்ணு குறைஞ்சாச்சு! இனி பஸ்ஸு எதுக்கு, பணிமனை எதுக்கு?”

அக்கா வரைவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மறுநாள் முதல் பங்க் பங்காக ஏறி இறங்கினார். ஆலை மூடியதற்குப் பிந்தைய ஆண்டின் விவரங்களைப் பதினோரு நாளில் திரட்டி, புது அட்டவணையோடு நகர்மன்றத்தில் நின்றார்.

தலைவருக்குக் கடுப்பு. “சுத்தமா இருக்கற முகத்துல ஏம்மா கரியப் பூசற?”

“அது நாம குறைச்சதில்ல சார். அறுநூறு பேரு வேலை போய் ஊரவிட்டுப் போனதுல குறைஞ்சது.”

பின்வரிசையிலிருந்து ஓர் உறுப்பினர் எகிறினார். “வீட்டுக்காரரக் கூட்டிட்டு வரத்தானே இந்தப் பாடு?”

“ஆமா சார்,” என்றார் அக்கா. “கணக்கு தப்புன்னா சொல்லுங்க.”

தலைவர் ஓட்டெடுப்புக்கு விட்டார். இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் புது அடிப்படை ஆண்டு நிறைவேறியது.

மாடிப்படியில் நின்று அக்கா கணவருக்குப் போன் செய்தார்.

“பாஸாயிடுச்சு. பணிமனை கட்ட ரெண்டு வருஷமாம்.”

மறுமுனையில் வெல்டிங் இரைச்சல். “ரெண்டா?” என்றார் கணவர். “அந்தப் புது மோட்டாரெல்லாம் எனக்குத் தெரியாதே.”

“ஆறு மாசம் பயிற்சி தருவாங்க. இங்கயேதான்.”

“இந்த வயசுல பெஞ்சுல உக்காரச் சொல்றியா?”

“எங்கயாவது உக்காருங்க,” என்றார் அக்கா. “கிட்ட வந்து உக்காருங்க.”