உயிரோடு இருப்பவருக்கு ஒரு அஞ்சலி ஆல்பம்

என் கணவர் கோவளத்து ஓட்டல் ஒன்றில் பல வருடங்கள் சாக்ஸபோன் வாசித்தவர். ஜாஸ் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. கரமனையில் எங்கள் உறவுக்காரர்கள் அதை 'ஊதுற வேலை' என்பார்கள். நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு ஓட்டலிலிருந்து அழைப்பு வருவது நின்றது. நிறுத்திவிட்டோம் என்றுகூட யாரும் சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் நாலு பிள்ளைகள் வீடு தேடி வந்தார்கள். புதுவிதமான சோதனை இசை செய்கிற குழு. கொண்டை போட்டிருந்தவன்தான் தலைவன்.

"அங்கிளுக்கு ஒரு ட்ரிப்யூட் ஆல்பம் பண்றோம் ஆன்ட்டி. அடிபொளியா வரும், கேட்டோ" என்றான், மலையாளம் கலந்த தமிழில்.

அவர் முகம் அப்படி மலர்ந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. நான் விழிஞ்ஞத்து நெய்மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, அவர் முன்னால் மைக்கை வைத்துப் பேசச் சொன்னார்கள், வாசிக்கச் சொன்னார்கள். இளைப்பும் இருமலுமாக அவர் வாசித்தார். எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு போனார்கள்.

மறுநாளே அவர் சாதகத்தை ஆரம்பித்துவிட்டார். ஊதக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன்.

"மேடையில கூப்பிடுவானுவட்டி. சும்மா போய் நிக்க முடியுமா?"

வெளியீட்டு விழாவுக்கு ஆட்டோவில் போகும்போது சாக்ஸபோன் பெட்டியை மடியில் வைத்திருந்தார். பொன்னாடை போர்த்தினார்கள், கைதட்டினார்கள், முதல் வரிசையில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள்.

"மோனே, ஒரே ஒரு பாட்டு நானும்…" என்றார் அவர்.

"அய்யோ அங்கிள், புரோகிராம் எல்லாம் பிக்ஸ் ஆயிப்போச்சு. அங்கிள் இருந்து கேட்டா மதி, அதுவே போதும்."

கேட்டோம். ஒரே இரைச்சல். அதற்குள் பழக்கமான ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. கவனித்தபோது எனக்கு உடம்பு எரிந்தது. அவருடைய இருமல். அதை இழுத்தும் வெட்டியும் தாளமாக்கியிருந்தார்கள். அப்புறம் இளைப்பு. கூட்டம் கண்ணை மூடித் தலையாட்டியது. அவர் வாசித்ததில் ஒரு ஸ்வரம்கூட அந்த ஆல்பத்தில் இல்லை. அவர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, போட்டோவுக்குச் சிரிப்பது போலச் சிரித்தபடி இருந்தார்.

வாசலில் தலைவனைப் பிடித்தேன்.

"ஆன்ட்டி, அங்கிளோட மூச்சுதான் இந்த ஆல்பத்தோட ஆத்மா. அதாணு கான்செப்ட்."

"அவரு வாசிச்சது உங்களுக்கு வேண்டாம். அவரு சீக்கு மட்டும் வேணும், அல்லே?"

அவன் யாரையோ கும்பிடப் போய்விட்டான்.

திரும்பும் வழியில் அவர் கோபித்துக்கொண்டது என்னிடம்தான்.

"எதுக்கு அவன்கிட்ட சண்டைக்குப் போன? பிறகு கூப்பிடுவானா?"

கூப்பிடவில்லை. நான் சண்டை போட்டதால்தான் என்று அவர் இன்னும் நம்புகிறார். சாதகமும் நின்றுவிட்டது. கேட்டால், உதடு சரியில்லை என்கிறார்.

வீட்டுக்கு யாராவது வந்தால் மட்டும் போனில் அந்த ஆல்பத்தைப் போடுகிறார். அந்த இருமல் வரும்போது விரலை உயர்த்தி, "இதுதான் நான்" என்கிறார். வந்தவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நான் காப்பி போட எழுந்து போய்விடுகிறேன்.