வயலோடு வளர்ந்த படம்

புது வீட்டின் கூடத்தில் ஒரு சுவர் மட்டும் வெறுமையாக இருந்தது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த உறவுக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஏழு குதிரைகள் ஓடுகிற படம் மாட்டினால் நல்லதாம். கூடத்தில் குதிரை கட்டுகிற உத்தேசம் எனக்கு இல்லை. “நானே வரைஞ்சு மாட்டிக்கிறேன்” என்று ரோஷத்தில் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ரெக்கார்டு நோட்டில் செம்பருத்திப் பூவை வரைந்ததற்கு மேல் எனக்கு அனுபவம் கிடையாது.

என் கணவர் அப்போது சிங்கப்பூரிலிருந்து மூன்று மாத விடுப்பில் வந்திருந்தார். பன்னிரண்டு வருடமாக அங்கே கிரேன் ஓட்டுகிறார். வீடு கட்டி முடிகிற வரைக்கும்தான், அப்புறம் ஊரோடு வந்துவிடுகிறேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். குத்தகைக்கு விட்டிருக்கும் நிலத்தைத் திரும்ப வாங்கி நாமே பண்ணலாம் என்றும் பேச்சு. அந்தச் சுவர் நிறைந்துவிட்டால் வீடு முடிந்த மாதிரி. பிறகு அவர் போவதற்குக் காரணமே இல்லை. வெளியே சொல்லாவிட்டாலும், நான் தூரிகையைத் தொட்டது அதற்காகத்தான்.

எங்கள் ஊர் குடவாசலுக்குப் பக்கம். பஸ் ஏறிக் கும்பகோணம் போய் நாலடிக்கு மூன்றடி கேன்வாஸும் அக்ரிலிக் டியூப்களும் வாங்கினோம். “பாப்பாவுக்கா?” என்று கேட்டார் கடைக்காரர். “பாப்பா நான்தாங்க” என்றேன். திரும்பி வரும்போது ஜன்னலோரம் கேன்வாஸைப் பிடித்துக்கொண்டு என் கணவர் உட்கார்ந்திருந்தார். ஒன்றுமே வரையாத அந்த வெள்ளையில் வெளியே இருந்த மரங்களின் நிழல் ஓடிக்கொண்டே வந்தது. அதையே மாட்டிவிடலாம் போல இருந்தது.

கூடத்து ஜன்னலில் இருந்து பார்த்தால் குத்தகைக்கு விட்ட எங்கள் வயல் தெரியும். அதையே வரைவது என்று முடிவு செய்தேன். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் கேன்வாஸைச் சாய்த்து, பென்சிலால் கட்டம் போட்டு, வரப்பையும் வாய்க்காலையும் தென்னை வரிசையையும் இறக்கினேன். ஐப்பசி மாதம். நட்ட பயிர் அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது. வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் தெரியும். தண்ணீரில் வானம் தெரியும். பயிருக்கு இடையே ஒரு மேகத்தை வரைந்தேன். ஒரு வாரம் பிடித்தது. விடியற்காலைப் பனியில் ஜன்னலும் படமும் ஒரே நிறமாக இருக்கும். எது வயல், எது துணி என்று எனக்கே கொஞ்ச நேரம் பிடிபடாது. அந்த மயக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

அவர் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

“நல்லாருக்கு. ஆனா இது போன வாரத்துப் பயிருல்ல?”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “படத்துக்கு என்னங்க போன வாரம், இந்த வாரம்?”

அவர் வயலுக்கு இறங்கிப் போனார். கால் கழுவிவிட்டு ஈரத்தோடு வந்து, பறித்து வந்த நெல் தோகையைப் படத்தின் மேல் வைத்துக் காட்டினார். உண்மைதான். வயல் கறுத்திருந்தது, என் பச்சை வெளிறியிருந்தது. வெளியூர்க்காரர் யாரும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. எங்களுக்கோ, தெரிந்த பிறகு அப்படியே விட முடியவில்லை. இருவரும் உட்கார்ந்து பச்சையைத் திருத்தினோம். அதற்குள் வயல் இன்னொரு பச்சைக்குப் போய்விட்டது.

அப்படியே கார்த்திகை போயிற்று. காலையில் அவர் தோகையோடு வருவார், நான் வண்ணம் குழைப்பேன். பயிர் தூர் கட்டி அடர்ந்தபோது, வயலில் தண்ணீர் மறைந்தது. என் மேகத்தை அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையால் மூடினார். “பாவமா இருக்கு” என்றார். தொடர்ந்து மூடினார். மழை பிடித்த நாட்களில் வண்ணம் காயவே காயாது. தவளைச் சத்தத்தில், தேநீரும் ஆறிப்போய், ஒரே துணியின் இரண்டு மூலைகளில் இருவரும் பேசாமல் தீட்டிக்கொண்டிருப்போம். கல்யாணமாகி அவ்வளவு நேரம் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. நான் சந்தோஷமாக இருந்தேன்.

மார்கழி பிறந்தது. வண்ணம் மேலுக்கு மேல் ஏறி, விரலால் தடவினால் வரிசை வரிசையாகப் பயிர் தட்டுப்பட்டது. பச்சை டியூப் மூன்றாவது முறை தீர்ந்த அன்று நான் தூரிகையைக் கீழே வைத்தேன்.

“போதுங்க. மாட்டிடலாம்.”

“இன்னும் ரெண்டு நாள். இப்பத்தான தொண்டைக்கதிரு, கதிரு இன்னும் தண்டுக்குள்ளதான் இருக்கு...”

“ஏங்க முடிக்கவே விடமாட்டேங்கிறீங்க?”

அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் பச்சையாகி வெகுநேரம் ஆகியும் கழுவிக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சிட்டா, இனிமே போகமாட்டீங்கல்லன்னு நீ கேப்ப.”

வந்த பத்தாவது நாளே கம்பெனிக்குச் சரி என்று சொல்லிவிட்டாராம். இன்னும் இரண்டு வருடம். டிக்கெட்டும் வந்துவிட்டது. பொங்கலுக்கு முன்னால் கிளம்ப வேண்டும்.

“பயிரைப் பாக்கத் தெரியுதும்மா. பண்ணத் தெரியல. பன்னண்டு வருஷம் கிரேன் மேல ஒக்காந்து லிவரை இழுத்தவன். வயல்ல எறங்கினா பயமா இருக்கு. தோத்துட்டேன்னா இந்த ஊர்ல எப்படி நிப்பேன்?”

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சோற்றைப் போட்டேன், குழம்பை ஊற்றினேன், அவ்வளவுதான். மூன்றாம் நாள் மஞ்சளையும் காவியையும் குழைத்து, அத்தனை பச்சைக்கும் மேல் பூசினேன். காலையில் ஆரம்பித்து வெயில் சாய்கிற வரைக்கும் பூசினேன். ஜன்னலுக்கு வெளியே வயல் இன்னும் பால்கூடப் பிடிக்கவில்லை. கேன்வாஸில் கதிர் முற்றித் தலை சாய்ந்தது.

“என்னம்மா பண்றே?”

“அறுப்புக்கு நீங்க இருக்கமாட்டீங்க. பாத்துட்டுப் போங்க.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாலை வெளிச்சம் அந்த மஞ்சளில் விழுந்து கூடமே விளைந்து நின்றது.

கிளம்புகிற அன்று, பயணச் சட்டையோடு ஸ்டூலில் ஏறி, அவர்தான் ஆணி அடித்துப் படத்தை மாட்டினார்.

“கோணலா இருக்கா பாரு.”

“நேராத்தான் இருக்கு.”

“அப்ப வீடு முடிஞ்சிட்டுது” என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

வாசலில் கார் நின்றது. பதில் தெரியும். தெரிந்தும் என்னால் அடக்க முடியவில்லை.

“இனிமே போகமாட்டீங்கல்ல?” என்று கேட்டேன்.

பாஸ்போர்ட் இருந்த சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு, அவர் என் எதிரே நின்றுகொண்டிருந்தார்.