செல்வராணி அக்காவுக்குப் பிந்தி வந்த வெண்கலம்

கரமனைப் பாலத்தில் பேருந்து நெரிசலில் நின்றபோது, அக்காவின் கணவர் ராஜன் அண்ணன் அழைத்தார். "மீனா, செல்வராணி போயாச்சு. காலைல நெஞ்சுவலின்னா. ஆஸ்பத்திரி எத்தல்லே, வழியிலேயே முடிஞ்சு." நான் இறங்கி வெயிலில் நடக்கத் தொடங்கினேன், எங்கே என்று தெரியாமலே.

பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து விளையாட்டு விடுதிக்கு வந்தவர் அக்கா. நான் அக்ரகாரத்துப் பெண், நீளம் தாண்டுபவள். இருவருக்கும் ஒரே அறை. அவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது என்பது விடுதியில் உடனிருந்த தோழிகள் உங்களுக்கெல்லாம் தெரியும். சோற்றுத் தட்டோடு வராந்தாவில் நடப்பார். டிரிபிள் ஜம்ப்பில் மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் அலைந்துகொண்டிருப்பார். "நின்னா பேடி பிடிச்சிரும், பயம் ஏறிரும், கேட்டியா" என்பார்.

ஆசியப் போட்டியில் கடைசிச் சுற்றில் நான்காமிடத்துக்குத் தள்ளப்பட்டார். பதக்கம் இல்லை என்றதும் தேசிய முகாமில் இடம் போயிற்று. முட்டியும் கைவிட்டது. பிறகு ஓர் அலுவலகத்தில் ஃபைல்களோடு மாடிப்படி ஏறி இறங்கினார்.

பல ஆண்டுகள் கழித்து, அன்று மூன்றாவதாக வந்த வேற்றுநாட்டுப் பெண் ஊக்கமருந்து எடுத்தது மறுசோதனையில் வெளிப்பட்டது. வெண்கலம் அக்காவுக்கு வந்தது. ஓர் அதிகாரியின் அறையில், சாயாவுக்கும் பருப்புவடைக்கும் நடுவே அதைக் கழுத்தில் போட்டார்கள். வெளியே வந்ததும் கழற்றிக் கையில் இறுக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி விறுவிறுவென நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"இத்தன கொல்லம், இத்தன வருசம் நாலாவதா ஜீவிச்சாச்சு, மீனா. இனி மூணாவதா எங்ஙனெ ஜீவிக்கும்?"

இன்னொரு சுற்று போனோம். சட்டென்று நின்று கேட்டார்: "அவ இப்ப எங்க இருக்கா? சுகமா இருக்காளா?"

"உங்க வாழ்க்கையைத் திருடினவளாக்கும் அவ!"

"ஆமா. ஆனா போட்டிக்கு முந்தின நாள் எனக்குத் தொடை பிடிச்சப்ப, ஐஸ் கொண்டுவந்து வெச்சதும் அவளாக்கும்."

யார் யாரையோ கேட்டு அவள் எண்ணைப் பிடித்தார். ஓட்டை ஆங்கிலத்தில் சாப்பாடு, முட்டி, பிள்ளைகள் என்று விசாரித்தார். மறுமுனையில் வெகுநேரம் அழுகை. அதற்குப் பின் மாதந்தோறும் பேசினார், நடந்துகொண்டேதான்.

அவருடைய அந்த மனசு எனக்கு வாய்க்கவில்லை. அவள் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு. இருந்தும் அடக்கம் முடிந்த மறுநாள் செய்தியைச் சொல்ல அவளை நான்தான் அழைத்தேன். அழுது ஓய்ந்து, "இனி என்னை யார் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டாள்.

"நான்" என்றேன். அக்கா எனக்கு விட்டுப்போனது இந்த வேலைதான்.