பட்டையில் ஊற்றிய கூழ்

பண்ணைக்காரர் பேரன், அவன் மனைவி, சென்னை நண்பர்கள் மூவர், பனையோலைப் பட்டை மடித்துக் கொடுக்க நான். செய்யாற்றங்கரைத் தோப்பில் கூடியிருந்தோம். அந்தக் காலத்துச் சாப்பாட்டை அப்படியே செய்து பார்ப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு.

மனைவி பட்டையில் கூழ் ஊற்றினாள். "இன்னும் மேல தூக்கி ஊத்து, போட்டோ நல்லா வரும்" என்றான் பேரன்.

எழுபதுகளில் அவன் பாட்டியும் அப்படித்தான் ஊற்றுவாள், எங்கள் கை பட்டுவிடக் கூடாது என்று. நடவு நட்ட சேற்றோடு குந்தியிருப்போம். பாதிக் கூழ் மண்ணில் சிந்தும்.

ஒருநாள் தம்பி கேட்டுவிட்டான். "இன்னாமா, இவங்க வூட்ல கிண்ணமே இல்லியா?"

அம்மா அவன் வாயைப் பொத்தினாள். "கம்முனு குடிடா. நாளிக்கு வேல வாணாவா?"

"நீங்களும் பட்டைய புடிங்க, பெரியவரே" என்றான் பேரன்.

"எனக்குக் கிண்ணத்துல குடு."

"அதுல ஒரிஜினல் டேஸ்ட் வராதே!"

"பரவால்ல, குடு."

கொடுத்தான். உட்கார்ந்து குடித்தேன். இரண்டு கிண்ணம்.