சிவப்புப் பூவைப் பிடித்துக்கொண்ட பேராசிரியர்

சமயமும் பொதுவாழ்வும் என்று ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது. நான் அதைப் படித்துவிட்டு, அதிலேயே ஆய்வும் செய்யப் போனவன். கொடைக்கானல் மேல்மலைப் பூண்டியில் வெள்ளைப்பூண்டும் கேரட்டும் போடுகிற வீட்டிலிருந்து இதற்குக் கிளம்பியபோது அப்பா, "சாமியப் பத்திப் படிக்கக் காலேசு எதுக்குடா?" என்று கேட்டார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது அதே கேள்வியை, கூடவே நாலு கெட்ட வார்த்தை சேர்த்து, நானே கேட்கிறேன்.

எங்கள் வகுப்பில் யாரும் சாமி என்று சொல்ல மாட்டார்கள், புனிதம் என்பார்கள். கும்பிடுகிறவனை நம்பிக்கையாளர் என்பார்கள். பழனிக்கு நடந்து வருகிறவனின் கால் கொப்புளத்தை ஒருத்தி 'உடல்வழி உரையாடல்' என்று எழுதிப் பரிசு வாங்கினாள். அந்த ஆளுக்கு ஒரு தைலம் வாங்கிக் கொடுத்தாளா என்றால் இல்லை. என் வழிகாட்டியான பேராசிரியர் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் கோயிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. போகாதது ஒன்றும் குற்றமில்லை. போகிறவனைவிடத் தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று ஒரு முகம் வைத்திருப்பார் பாருங்கள், அதைத்தான் என்னால் சகிக்க முடியாது.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் கொடைக்கானலுக்குக் கீழே சரிவில் இருக்கிறது. ரோடு கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். உடம்புக்கு முடியாதவர்களைக் கம்பில் கம்பளி கட்டி, டோலியாகத் தோளில் தூக்கி மேலே கொண்டுவருவார்கள். ஜீப் போகிற அளவுக்காவது ஒரு மண் ரோடு வெட்டித் தருகிறோம் என்று அதிகாரிகள் ஒருவழியாக இறங்கி வந்தார்கள். வழியில் ஊர்ச்சாமியின் கல் ஒன்று நிற்கிறது. அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சம்மதமா என்று ஊரைக் கேட்டார்கள். நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயமாயிற்றே என்று நிபுணர் கருத்துக்கு எங்கள் பேராசிரியரையும் பிடித்தார்கள். அக்கா அப்போதுதான் முழுகாமல் இருந்தாள்.

"ஏலே, மழைக்கு முன்னாடி ரோடு வந்துருமா?" என்று போனில் கேட்டாள்.

வந்துவிடும் என்றேன்.

ஊர் எப்போதும் செய்வதையே செய்தது. சாமியிடம் பூக் கேட்டது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக, வெளியே தெரியாதபடி ஒரே மாதிரி இலையில் பொதிந்து சாமி முன்னால் போடுவார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு கிடைத்துவிட்டது. சிவப்பு வந்தால் அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி கேட்பார்கள். அக்கா கல்யாணத்துக்கே முதலில் சிவப்புத்தான் வந்தது. சாமி சரி என்று சொல்லும்வரை விடாமல் கேட்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். பெற்றவர்களிடம் பிள்ளைகள் நச்சரிப்பது போல.

பேராசிரியரை நான்தான் கூட்டிக்கொண்டு இறங்கினேன். அன்றைக்குச் சிவப்பு வந்தது.

"சரி, அடுத்த செவ்வாக்கெழமை பாத்துக்கிருவோம். எல்லாரும் சோலியப் பாருங்கப்பா" என்று பூசாரி துண்டை உதறித் தோளில் போட்டார். கூட்டம் கலைந்தது. பேராசிரியர் மட்டும் அப்படியே நின்றார். கண் கலங்கியிருந்தது. "மறுத்துவிட்டது" என்றார், ஏதோ அவரிடமே நேரில் வந்து சொன்ன மாதிரி.

"சார், இது முடிவு இல்ல. அடுத்த வாரம் மறுபடி கேப்பாங்க" என்றேன்.

"தம்பி, நீங்க உள்ளூர்க்காரர். அதனாலதான் இதோட ஆழம் உங்களுக்குப் பிடிபடல."

அந்தப் பதிலை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.

திரும்பி ஏறும்போது பாதி வழியில் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. ஊர் ஆட்கள் டோலி கட்டி அவரைத் தூக்கினார்கள். தூக்கியவர்களில் என் மச்சானும் ஒருவர். ரோடு வேண்டாம் என்று சாமி சொன்ன சந்தோஷத்தில் அந்த மனிதர் நாலு பேர் தோளில் ஆடிக்கொண்டு போனார். பிறகு எழுதிய கட்டுரையில் அதற்கு 'சமூகத்தின் அரவணைப்பு' என்று பெயர் வைத்தார்.

அடுத்த செவ்வாய் வெள்ளை வந்தது. ஊரில் பொங்கல் வைத்துக் கும்பிட்டார்கள். அக்கா போனில் சிரித்தாள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் கொடைக்கானலில், ஹீட்டர் போட்ட ஒரு ஹாலில் நடந்தது. பூசாரி எழுந்து, சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்றார். பேராசிரியர் மைக்கை வாங்கினார். முதலில் வந்த பதில்தான் கலப்படமில்லாதது, இரண்டாவது முறை கேட்டது வளர்ச்சி என்கிற அழுத்தத்தால் நடந்தது, அதை அந்த மக்களின் உண்மையான நம்பிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார். அரை மணி நேரம் பேசினார்.

"எங்க சாமி என்ன சொல்லுச்சுன்னு எங்களுக்குத் தெரியாதாங்க?" என்று பூசாரி கேட்டார்.

பேராசிரியர் அவரைப் பார்த்துப் பரிவாகச் சிரித்தார். நான் எழுந்து, பேராசிரியர் சொல்வது தப்பு என்றேன். மாணவர்கள் பிறகு பேசலாம் என்று உட்கார வைத்தார்கள். ஹோம்ஸ்டே நடத்துகிற கூட்டம் ஒன்று கைதட்டியது. அவர்களுடைய விருந்தாளிகள் ட்ரெக்கிங் போக ரோடு இல்லாத ஒரு பாதை வேண்டுமே. அதிகாரிக்கு வேலை மிச்சம். மக்களின் நம்பிக்கைக்கு மதிப்பளித்து ரோடு கைவிடப்படுகிறது என்று அங்கேயே அறிவித்தார். அந்த நம்பிக்கைக்குச் சொந்தக்காரர்கள் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு துண்டு கேக்கும் டீயும் கொடுத்தார்கள்.

மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், நாள் நெருங்குவதற்கு முன்பே, அக்காவுக்கு வலி கண்டது. விடியற்காலையில் டோலி கட்டிக் கிளம்பினார்கள். "வெரசாப் போங்க, வெரசாப் போங்க" என்று அக்கா கத்திக்கொண்டே வந்தாளாம். வழுக்குகிற பாதையில் எப்படி வேகமாகப் போவது? மண் சரிந்து கிடந்த ஒரு வளைவில் டோலியை இறக்கி வைத்தார்கள். அங்கேயே குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அழவே இல்லை. மச்சான் அங்கே நின்று ஓரமாகப் புதைத்தார். மற்றவர்கள் அக்காவைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அக்கா பிழைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவளோடு இருந்துவிட்டுத் துறைக்குத் திரும்பினேன். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று பேராசிரியர் கேட்டார். சொன்னேன். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று, வெட்கமில்லாமல், நான் நினைத்தேன்.

"அந்த இடத்துல இப்ப யாராவது விளக்கு வைக்கிறாங்களா, தம்பி? கல்லு கில்லு ஏதாவது நட்டுக் கும்பிடுறாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்தக் கையை உதறினேன். வாழ்க்கையில் எவனையும் நான் அவ்வளவு வெறுத்ததில்லை.

"இல்ல சார். எங்க அக்கா ஊர்லருந்து மேல ஏறி வரணும்னா அந்த இடத்தத் தாண்டித்தான் வரணும். வேற வழி கெடையாது."