எட்டெழுத்துப் பூட்டு

“ஊட்ல இருந்து அனுப்பற படமெல்லாம் நேரத்துக்கு வந்து சேருமாங்க, அம்மணி?” என் மேலாளருக்கு நம்பிக்கை இல்லை.

அம்மாவுக்குக் கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்த சமயம். கூட இருக்க என்னைத் தவிர ஆளில்லை. பனியன் சாம்பிள்களைப் படமெடுத்து சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு மெயிலில் அனுப்புவதுதான் என் வேலை. அதை வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று கேட்டிருந்தேன். ஒரு வாரம் பார்ப்பதாகச் சொன்னார். தவறினால் வேலை போய்விடும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவளுக்குக் கிடைத்த முதல் வேலை அது.

பிராட்பேண்டும் வைஃபை ரூட்டரும் வந்த மறுநாளே படங்கள் பாதியில் நின்றன. மாடியில் குடியிருந்த பேக்கிங் செக்‌ஷன் அண்ணன், பாஸ்வேர்டு இல்லாத எங்கள் இணைப்பில் சினிமா பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிடறேம்மா.”

“மாடில இருக்கறவரு கேட்டா என்னன்னு சொல்லுவ? தண்ணிக் கொடத்த மறைச்சு வெச்ச மாதிரி இருக்காதா?”

ரூட்டரோடு வந்த தாளைப் பார்த்து செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். குறைந்தது எட்டு எழுத்து கேட்டது. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்தவள். பள்ளிக்கூடம் போகாவிட்டாலும், லேபிளின் சைஸ் எழுத்துகளை உருவம் பார்த்தே பிரித்துவிடுவாள். அந்த நினைவில் எஸ், எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று சேர்த்து அடித்தேன். சரியாக எட்டு. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சிறிது நேரத்தில் மாடியில் மறுபடியும் சிரிப்பு. அண்ணனே படியிறங்கி வந்தார். “ஏனுங்க அம்மணி, திருப்பூர்ல இருந்துட்டு சைஸையா பாஸ்வேர்டா வெப்பாங்க? எங்க கம்பெனி வைஃபைக்கும் அதேதானுங்க!”

அம்மா கட்டில் குலுங்கச் சிரித்தாள். எனக்கு அழுகை முட்டியது. அவர் மேலே போனதும், “இங்க வா சாமி” என்று கூப்பிட்டு என் காதில் ஒரு பெயரைச் சொன்னாள். நான் பிறந்தபோது எனக்கு வைக்க அவள் ஆசைப்பட்ட பெயர். அப்பா வீட்டார் முந்திக்கொண்டு வேறு பெயர் வைத்துவிட்டார்களாம். அதன்பின் அதை அவள் யாரிடமும் சொன்னதே இல்லை.

ஒவ்வொரு எழுத்தாக அடித்து, கடைசியில் சில எண்களையும் சேர்த்தேன். திரையில் வெறும் புள்ளிகள் விழுந்தன.

“நாஞ் சொன்ன பேருல ஒரு எழுத்தையும் காணமே கண்ணு?”

“காணக் கூடாதும்மா.”

பிறகு நானே மாடிக்குப் போனேன். அம்மாவின் காலையும் என் வேலையையும் சொல்லி, அவசரம் என்றால் எங்கள் கம்ப்யூட்டரில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றேன். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க” என்றார் அண்ணன்.

அன்று மாலை எல்லாப் படங்களும் போய்ச் சேர்ந்தன. வாரக் கடைசியில் மேலாளர், அம்மா நடக்கும்வரை வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்லிவிட்டார்.

ஆனால் முதல் பூட்டை அண்ணன் அவ்வளவு சுலபமாகத் திறந்துவிட்டாரே என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அம்மா கைத்தடியை விட்டு நடந்த வாரமே, பல்லடம் ரோட்டுக் கம்ப்யூட்டர் சென்டரில் நெட்வொர்க்கிங் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.